கீபோர்டுக்கு இடமில்லை

அக்கா இன்னும் சொல்லவில்லை.

"நானே அவர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே" என்று போன வாரம் மொட்டைமாடியில் வைத்துத் தம்பியிடம் துணிச்சலாகச் சொல்லிவிட்டு இறங்கி வந்தவள்தான். படியிறங்குவதற்குள் துணிச்சல் பாதி கரைந்துவிட்டது. மீதி, கணவரின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். சாப்பிடுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டாள். படுக்கப் போகும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். பாவம், தூக்கம் கெட்டுவிடுமே என்று விட்டாள். இப்படியே தள்ளித் தள்ளி, இனி தள்ள இடமில்லாத நாளில் வந்து முட்டிக்கொண்டு நின்றாள். இன்றைக்கு ஒலிப்பதிவு.

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஒரு குடும்பம். அதே சமயம் ஒரு ராக் இசைக்குழு. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்கே தெரியாது. டிரம்ஸ் வாசிப்பவள் அக்கா. கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன் அவளுடைய தம்பி. கீபோர்டு அவள் கணவர். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுப்பதால் எல்லோருக்கும் அவர் வாத்தியார். பேஸ் கிட்டார்க்காரர் மட்டும் வெளியாள். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார், அதனால் சாமியார். தம்பி 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சாமியாருக்கும் ரசிகர்களுக்கும் மேடைக்கு விளக்குப் போடுகிறவர்களுக்கும்கூட அவள் அக்காவாகவே ஆகிவிட்டாள். கட்டிய கணவர் ஒருவரைத் தவிர.

பாட்டெல்லாம் வாத்தியார் போட்டது. புரோகிரஸிவ் ராக் என்பார்கள். பாட்டு என்றால் சின்னப் பாட்டு இல்லை. கீபோர்டில் மெல்ல விடியும், கிட்டாரில் காற்று எழும், தாளம் ஏழிலிருந்து ஐந்துக்குத் தாவி, ஒன்பதில் நொண்டி, மறுபடி ஏழுக்கு வந்து சேரும்போது எங்கே ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோயிருக்கும். நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும் என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. ரசிகர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்கிற ரசிகர்கள்.

அந்த ரசிகர்கள் ஒரு நாள் எழுந்து நின்றுவிட்டார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அன்று மேடையில், பாதிப் பாட்டில் கீபோர்டு செத்துப்போனது. வாத்தியார் ஒயரைப் பிடுங்கி மாட்டினார், தட்டினார், கெஞ்சினார். அது கண் திறக்கவில்லை. "நிறுத்தாதீங்க! வாசிங்க!" என்று ஓரத்திலிருந்து கத்தியவரும் அவர்தான். தம்பி கிட்டாரின் தடித்த கம்பியைத் தளர்த்திச் சுருதியை அடிவயிற்றுக்கு இறக்கினான். ஒரே ஒரு முரட்டு வரியைத் திரும்பத் திரும்ப அடித்தான். அக்கா, 'நம்ம பாட்டுக்கு இது ஒத்துவராதும்மா' என்று வாத்தியார் ஓரங்கட்டி வைத்திருந்த, பெரிய டிரம்மை அடிக்கிற டபுள் பெடலில் இரண்டு காலையும் வைத்தாள். மேடைப் பலகை அதிர்ந்தது. உட்கார்ந்திருந்த கூட்டம் ஒட்டுமொத்தமாக எழுந்தது.

அதற்கப்புறம் தம்பி பழைய பாட்டுப் பக்கம் திரும்பவில்லை. இனி நம் சத்தம் இதுதான் என்றான். பாட்டு குட்டையாக, முரடாக, மூச்சு விடாமல். கீபோர்டு வேண்டாம். கீபோர்டு வேண்டாம் என்றால் வாத்தியாரும் வேண்டாம்.

இதைக் கேட்டு அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்த மாதிரி நடித்தாள். அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

காலையில் அவள் டிரம்ஸின் சிம்பல் தட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, மாடிப்படியிலிருந்து அம்மா குனிந்து பார்த்தாள். மாடியில் அம்மாவும் தம்பியும். கீழே அக்காவும் வாத்தியாரும். கார் நிற்க வேண்டிய இடத்தில் பழைய மெத்தைகளைச் சுவரில் அடித்து ஒத்திகை அறை. இந்த வீட்டில் யார் மேல் கோபித்துக்கொண்டாலும், அவரைத் தாண்டிக்கொண்டுதான் தண்ணீர் குடிக்கவே போக வேண்டும்.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டியா?" அம்மாவின் குசுகுசுப்பு தெருக்கோடிக்குக் கேட்கும். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாழ்ந்த குரலில் பேசுவதாக அவளே நினைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

"ஐயோ, மெதுவாம்மா! அவர் உள்ளதான் இருக்கார்."

"அப்ப சொல்லலை."

"சொல்வேன்."

"எப்ப? பாட்டு வெளியில வந்து, அதுல அவர் பேரு இல்லாததைப் பார்த்து அவரே தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுடப் போறியா?"

"உனக்கு எப்படிம்மா எல்லாம் தெரியுது?"

"அவன்தான் சொன்னான். சாமியாருக்கும் தெரியுமாமே." அம்மா இன்னும் ரெண்டு படி இறங்கினாள். "நான் உன் தம்பிக்காகப் பேசறேன்னு நினைக்காதே. அவரு நல்ல மனுஷன். ஆனா இவனும் எத்தனை வருஷம்தான் அவர் நிழல்லயே நின்னு பாடுவான்? நீ நடுவுல நிக்கறே. நீ சொன்னாத்தான் ரெண்டு பக்கமும் உடையாம இருக்கும்."

"எல்லாருமா சேர்ந்து முடிவு பண்ணிட்டு, சொல்ற வேலையை மட்டும் என் தலையில கட்டிட்டீங்க."

"ஏன், உனக்கு அந்த முடிவு பிடிக்கலையா?"

அக்கா பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அம்மா பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே ஏறிப் போனாள். பதில் கிடைத்துவிட்டவள் மாதிரி.

காரில் வாத்தியார் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். பின்சீட்டில் கீபோர்டு படுத்திருந்தது, நடுவில் நழுவாமல் இருக்க அவர் ஒரு தலையணையைச் சொருகியிருந்தார். தம்பியும் சாமியாரும் முன்னாலேயே போய்விட்டார்கள்.

"புதுப் பாட்டை நான் ரொம்ப யோசிச்சேன்," என்றார் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே. "மச்சான் போட்டிருக்கிற மெட்டு நல்லாத்தான் இருக்கு. இல்லைங்கலை. ஆனா முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே இடி. கேக்கிறவனுக்கு நடுவுல மூச்சு விட ஒரு ஜன்னல் வேணாமா? அங்கதான் நான் வர்றேன்."

"என்னங்க..."

"கேளேன். ரெண்டாவது சரணம் முடிஞ்சதும் நீங்க எல்லாரும் நிறுத்தறீங்க. நான் மட்டும். அப்புறம் நீ மெதுவா சிம்பல்ல..." அவர் வாயாலேயே வாசித்துக் காட்டினார். நல்லாத்தான் இருந்தது. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

சிக்னலில் வண்டி நின்றது. சொல்ல வேண்டுமென்றால் இதுதான் சமயம். சிவப்பு விளக்கு மாறுவதற்குள் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

"தம்பி என்ன நினைக்கிறான்னா..."

"பிடிக்காதுன்னு நினைக்கிறியா? முதல்ல முறைப்பான், அப்புறம் வழிக்கு வருவான். எனக்கு அவனைத் தெரியாதா? மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்து பார்க்கிறேன்." விளக்கு மாறியது. "உனக்கும் எழுதி வெச்சிருக்கேன். தாளம் பதினொண்ணுல வரும். சிரமப்படாதே, ஆறும் அஞ்சுமாப் பிரிச்சுக்கோ."

இத்தனை வருஷத்தில் அவள் அடித்த ஒவ்வொரு அடியும் அவர் எழுதிக் கொடுத்ததுதான். எங்கே அழுத்தம், எங்கே மெதுவாக, எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது வரைக்கும். அன்பாகத்தான் எழுதுவார். தப்பாக வாசித்தால் கடிந்துகொள்ளவும் மாட்டார். "மறுபடி பார்க்கலாமா?" என்பார். அந்த 'மறுபடி பார்க்கலாமா'வுக்குள் அவள் எத்தனை காலமாகக் குடியிருக்கிறாள் என்பது, கீபோர்டு செத்த அன்றைக்குத்தான் அவளுக்கே உறைத்தது. அன்று யாரும் எண்ணிக்கை சொல்லவில்லை. கால் தானாகப் போனது.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. தலைவலி."

"இன்னும் அடிக்கவே ஆரம்பிக்கலை, அதுக்குள்ளயா?" என்று சிரித்தார்.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்தது. எவ்வளவோ பஞ்சும் பலகையும் வைத்து அடைத்திருந்தும், கீழே யாருக்காவது பல் குடைந்தால் மெல்லிய 'கிர்ர்ர்' தரை வழியாக ஏறி வந்துவிடும். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, முகம் தெரியாத அந்த ஆளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

கூடத்தை நடத்துகிற பெண்மணிக்குக் கண்ணாடியம்மா என்று பேர். பெரிய மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாளெல்லாம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு என்ன பேர் வைப்பது? அவர் மைக்குகளைப் பொருத்திக்கொண்டே வந்து, கீபோர்டைத் தோளில் சுமந்து நின்ற வாத்தியாரைப் பார்த்துத் திகைத்தார்.

"கீபோர்டும் இருக்கா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

சாமியார் குனிந்து தன் ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"இருக்கு, இருக்கு," என்றான் தம்பி. "நான்தான் சொல்ல மறந்துட்டேன். அந்த மூலையில வெச்சுக்கலாம் மாமா."

சொல்லிக்கொண்டே அக்காவை ஒரு பார்வை பார்த்தான். 'இன்னுமா சொல்லலை?' என்ற பார்வை. அக்கா பார்க்காத மாதிரி டிரம்ஸின் திருகுகளை முறுக்கினாள். முறுக்கத் தேவையில்லாததையும் சேர்த்து முறுக்கினாள்.

வாத்தியார் எதுவும் கேட்கவில்லை. மூலைக்குப் போனார். அங்கே கீபோர்டை வைத்தால் அவர் உட்கார இடமில்லை. நின்றபடியே வாசிக்கத் தயாரானார்.

முதல் டேக் ஒரே கூச்சல். தம்பியின் கிட்டார் உறுமுகிற அதே இடத்தில் கீபோர்டும் போய் நின்றுகொண்டது. ஒரு குறுகின சந்தில் இரண்டு வண்டி எதிரெதிராக மாட்டிக்கொண்ட மாதிரி. கண்ணாடியம்மா ஒலிபெருக்கியில், "என்னமோ கூட்டமா இருக்கே. நீங்களே வந்து கேட்டுப் பாருங்க," என்றார்.

எல்லோரும் கேட்டார்கள்.

"ஆரம்பத்துல என்னை எடுத்துடலாம்," என்றார் வாத்தியார். "அங்க எனக்கு வேலை இல்லை."

இரண்டாவது டேக். மறுபடி கேட்டார்கள். "பல்லவியிலயும் நான் குறுக்க நிக்கறேன்," என்றார். அதையும் எடுத்தார். அடுத்ததில், அவர் காரில் வாயால் வாசித்துக் காட்டின அந்த ஜன்னல் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள், அவர் மட்டும் வாசித்தார். அழகாக வாசித்தார். ஆனால் கேட்கும்போது, ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தி யாரோ இறங்கி வேடிக்கை பார்ப்பது மாதிரி இருந்தது. வண்டி மறுபடி கிளம்பவே கஷ்டப்பட்டது.

கீழே பல் குடைகிற சத்தம் வந்தது. காத்திருந்தார்கள். நின்றது.

"இந்தத் தடவை நீங்க மூணு பேர் மட்டும் வாசிங்க," என்றார் வாத்தியார். "நான் கேக்கறேன்."

"மாமா, வேணாம், நாம இன்னொரு தரம்..."

"வாசி மச்சான்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். அக்கா நான்கு தட்டுத் தட்டித் தொடங்கினாள். வேண்டுமென்றே கொஞ்சம் சோர்வாக வாசிக்கப் பார்த்தாள். நான்கு வரி தாண்டுவதற்குள் கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. டபுள் பெடல் நெஞ்சில் இடித்தது. தம்பி கழுத்து நரம்பு புடைக்க அடித்தொண்டையில் கத்தினான். சாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை. அக்காவுக்கு வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை இல்லை. வாத்தியாரைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து, கடைசி அடிக்கு முன்னால் பார்த்துவிட்டாள். அவர் தரையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ரசித்துத்தான் ஆட்டினார்.

சத்தம் அடங்கியதும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார்.

"இப்பத்தான் பாட்டு பாட்டா இருக்கு," என்றார்.

தம்பி பக்கம் திரும்பினார்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்தம்மாகிட்ட கீபோர்டு இருக்குன்னு சொல்ல மறந்தியா, இல்லை கீபோர்டு இல்லைன்னு சொன்னியா?"

தம்பி கிட்டாரின் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "இல்லைன்னு சொன்னேன் மாமா."

"ம்."

"மாமா, உங்களை அவமானப்படுத்தணும்னு இல்லை. சத்தியமா இல்லை. நீங்க இல்லைன்னா நான் கிட்டாரே பிடிச்சிருக்க மாட்டேன். ஆனா உங்க பாட்டுக்குள்ள நான் பாடறப்போ, அடுத்தவங்க வீட்டுல செருப்பைக் கழட்டி வெச்சுட்டு ஓரமா உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கு. ஒரு தரமாவது என் வீட்டுல சத்தம் போடணும் மாமா எனக்கு."

"இதை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

தம்பியின் கண் மறுபடியும் அக்கா பக்கம் போகத் தொடங்கிப் பாதியில் திரும்பியது. வாத்தியார் அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டார். அதைத் தொடர்ந்து வந்து மனைவியின் முகத்தில் நின்றார்.

"உனக்கு இது தெரியுமாம்மா?"

குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பாள். அவர் முகத்தில் இருந்தது வேறு. இல்லை என்று சொல்லிவிடேன் என்ற கெஞ்சல்.

"தெரியாது," என்றாள் அக்கா.

சாமியாரின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"எங்கிட்டயும் எதுவும் சொல்லலைங்க," என்று மேலே ஒரு சுற்றுப் பூசினாள். பூசப்பூசப் பயம் அதிகமானது. தம்பி வாயைத் திறந்தால் அவள் கதை முடிந்தது.

தம்பி அவளையே பார்த்தான். பிறகு, "ஆமா மாமா," என்றான். "அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நானும் சாமியாரும்தான். அக்காகிட்ட சொன்னா சண்டைக்கு வருவாளேன்னு மறைச்சுட்டோம்."

வாத்தியார் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். தோள் தளர்ந்தது. முகத்தில் மெல்ல ஒரு சிரிப்புக்கூட வந்தது.

"நல்லவேளை," என்றார். "ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். இவங்க என்னை வேண்டாம்கிறதைக்கூட தாங்கிக்கலாம். நீயும் சேர்ந்துன்னா, நான் எங்க போறது?" கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார். "அப்ப ஒண்ணும் பிரச்சனை இல்லை. நாம ரெண்டு பேரும் விலகிக்குவோம். மச்சான் அவன் வழியில போகட்டும். நம்ம பாட்டை நாம வாசிக்கலாம். நீயும் நானும் போதாதா?"

அக்காவின் கையிலிருந்த குச்சி நழுவி, சிறிய டிரம்மின் மேல் விழுந்து ஒரு தரம் குதித்தது.

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. அவன் வாத்தியாரை வெளியே வைக்கத்தான் கதவைத் திறந்தான். அந்தக் கதவு வழியாக அக்காவும் போவாள் என்று யார் கண்டது? அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய், அவன் தலையிலேயே வந்து விழுந்தது. இப்போது வாயைத் திறந்தால் அக்கா பொய்க்காரி. திறக்காவிட்டால் குழுவில் டிரம்ஸ் இல்லை.

"மாமா, அடுத்த மாசம் பெரிய மேடை இருக்கு. அந்த அமைப்பாளர் அன்னிக்கு அக்கா வாசிச்சதைப் பார்த்துட்டுத்தான் நமக்கு..."

"அதுக்குள்ள வேற ஆள் கிடைப்பாங்க மச்சான்." அவர் குத்தலாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அப்புறம் மனைவியிடம், "ஆனா இன்னிக்கு இதை முடிச்சுக் குடுத்துட்டு வந்துடும்மா. பாதியில விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது. நான் கீழே இருக்கேன்," என்றார்.

கீபோர்டைத் தூக்கினார். சாமியார் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார்.

கதவு சாத்தியதும் தம்பி பாய்ந்து வந்தான். "ஏன்க்கா பொய் சொன்னே?"

"நீ ஏன்டா கூடச் சேர்ந்து சொன்னே?"

"உன்னைக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா?"

"காட்டிக் கொடுத்திருக்கலாம். இதுக்கு அதுவே தேவலை."

"இப்பப் போய் சொல்லு. கீழேதானே இருக்காரு. தெரியும்னு சொல்லிடு."

"என்னன்னு சொல்ல? ஒரு வாரமா உங்க பக்கத்துல படுத்துக்கிட்டே மறைச்சேன், இப்ப மூஞ்சியைப் பார்த்துத் தெரியாதுன்னும் சொன்னேன், அதுவும் பொய்னா? அவர் என்னைப் பத்தி என்னடா நினைப்பார்?"

"அப்ப அவர்கூடப் போயிடுவியா?"

அக்கா டிரம்மின் மேல் கிடந்த குச்சியை எடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா. நீ எனக்காகத்தான் இதை வாசிக்கிறியா? தம்பிக்காகத்தான்னு சொல்லிடு, நான் விட்டுடறேன். மாமாவைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, பழைய பாட்டையே வாசிக்கலாம்."

அவன் நிஜமாகவே விட்டுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். 'உனக்காகத்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு பழையபடி ஆகிவிடும். அம்மா மாடிப்படியில் குனிந்து பார்க்கமாட்டாள். வாத்தியார் பதினொன்றை ஆறும் ஐந்துமாகப் பிரித்துக் கொடுப்பார். அவள் அந்த மெத்தை அடித்த அறைக்குள் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்ததை ஒழுங்காக வாசித்துக்கொண்டிருப்பாள்.

"எனக்காகத்தான்," என்றாள் அக்கா. சொன்னபிறகு அவளுக்கே கூச்சமாக இருந்தது. "எனக்குப் பிடிச்சிருக்குடா."

சாமியார் திரும்பி வந்து பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டார். தடுப்புக்கு அப்பாலிருந்து கண்ணாடியம்மாவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "டாக்டர் சாப்பிடப் போயிட்டார். கீழே சத்தம் இருக்காது. இப்பவே எடுத்துடலாமா?"

எடுத்தார்கள். ஒரே டேக்கில் முடிந்தது. இதுவரை வாசித்ததெல்லாம் ஒத்திகை என்று தோன்றுகிற மாதிரி ஒரு டேக். முடிந்ததும் கண்ணாடியம்மா எழுந்து நின்று கை தட்டினார். தடுப்புக்குப் பின்னால் இருந்ததால் சத்தம் கேட்கவில்லை. அக்கா குச்சியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பாட்டு ஓடிய நேரம் முழுக்க, கீழே காத்திருக்கிற மனிதரின் நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்த்து வைத்தாள். 'என்னங்க, நான் சொன்னது...' வேண்டாம். 'கோபப்படாம கேளுங்க...' வேண்டாம். அவர்தான் கோபப்படவே மாட்டாரே. மருத்துவமனை வாசலில் கன்னம் வீங்கிய ஒருவர் பேச முடியாமல் சைகையால் ஆட்டோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆளைப் பார்த்து ஒரு நொடி பொறாமையாக இருந்தது.

வாத்தியார் காரில் சாய்ந்தபடி கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"சேச்சே, மனஸ்தாபமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. பாட்டு பிரமாதமா வந்திருக்கு, நானே சொல்றேன்... ஆமா, நான் மட்டும் இல்லை, ரெண்டு பேருமேதான்... இருங்க, அவளே வந்துட்டா. அவகிட்டயே பேசுங்க." கைப்பேசியை நீட்டினார். "அடுத்த மாசக் கச்சேரி அமைப்பாளர்ம்மா. கடைசி நேரத்துல கழுத்தறுக்கக் கூடாது பாரு. இப்பவே சொல்லிட்டா அவரும் வேற ஏற்பாடு பண்ணிப்பார். நீயும் ஒரு வார்த்தை சொல்லிடு."

வேண்டாம் என்று சொல்வதற்குள் கைப்பேசி அவள் காதில் இருந்தது.

"அக்கா, என்னக்கா இது?" அமைப்பாளரின் குரல் பதறியது. "வாத்தியாரும் விலகறார், நீங்களும் விலகறீங்கன்னு சொல்றாரு. நிஜமாவா?"

பின்னால் படியில் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். தம்பி கிட்டார்ப் பையோடு வந்து, கடைசிப் படியில் நின்றுவிட்டான். முன்னால் வாத்தியார். பின்சீட்டுக் கீபோர்டின் நுனி முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததை உள்ளே தள்ளி, அவள் கால் நீட்டி உட்கார இடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள். "அவர் சொன்னது... ஆமாங்க. அவர் விலகறது நிஜம்தான்."

"நீங்க?"

அக்கா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

அவளுக்காகக் கார்க் கதவைத் திறக்கப் போன வாத்தியாரின் கை, கைப்பிடியிலேயே நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய இரைச்சலுக்கு நடுவிலும், விழ வேண்டிய இடத்தில் ஓர் அடி விழாமல் போனால் உடனே கண்டுபிடித்துவிடுகிற காது அவருடையது.